சாம்பல் வரிகள்

ரெஹானா திரையில் இருந்த நிற விதிகளை மேலேயிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள், நாச்சிமுத்து மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தான். இன்னும் ஏழெட்டு போனால் மஞ்சள் வந்துவிடும். இது யாருடைய எண் என்று அவள் கேட்பாள். என்ன சொல்வதென்று காலையில் பஸ்ஸில் வரும்போதே ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான், இப்போது அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் அசட்டுத்தனமாக இருந்தது. நேற்றே அந்த வரியை அழித்திருக்கலாம். நேற்று என்ன நேற்று, அவன் பெண்சாதி சுலோச்சனா செத்துப்போன இந்த ஆறு வருஷத்தில் எந்த நாளிலும் அழித்திருக்கலாம். கையை அதன் பக்கம் கொண்டுபோவான், அப்புறம் டீ குடிக்க எழுந்துவிடுவான். அடுத்த வாரம் கல்லூரிக்குப் புது ஏற்பாடு வருகிறது, படம் போட்டுக் காட்டுமாம், வாசல் வாசலாகப் பச்சையும் சிவப்புமாய் விளக்கு எரியுமாம், அதைப் பொருத்த வந்த கம்பெனியின் ஆள்தான் இந்த ரெஹானா, திருச்சிக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மாதிரி. பழைய விதிகளில் எது தேவை எது தேவையில்லை என்று உட்கார்ந்து பார்த்துவிடலாம் சார் என்று பத்து மணிக்கே வந்து பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியின் எந்த வாசலுக்கு ஊழியர்கள் வந்தாலும் போனாலும் கார்டைத் தொட வேண்டும், தொட்டதும் சர்வர் அறையின் கறுப்புத் திரையில் ஒரு வரி விழும்: நேரம், வாசல், எண், உள்ளே அல்லது வெளியே. நாள் முழுக்க ஓடும். அதை வெறுமனே பார்த்தால் கண் பூத்துப்போகும் என்றுதான் அவன் இந்த விதிகளை எழுதினான். வரியில் இன்ன சொல் வந்தால், இன்ன எண் வந்தால், அதைத் தேடிப்பிடித்து இன்ன நிறம் பூசு. எதிலும் பிடிபடாத மிச்சத்தை அடர்ந்த சாம்பல் நிறமாக்கு. கறுப்பில் அந்தச் சாம்பல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது, அதுதான் அவனுக்கு வசதியாக இருந்தது.

“பழுதுன்னா சிவப்பு. இது வேணும்” என்றாள் ரெஹானா. “கதவு திறந்தே கிடந்தா ஆரஞ்சு. இதுவும் வேணும். மூணாவது என்ன சார், சர்வர் கட்டடம்னு வந்தா முழு வரியையும் சாம்பலாக்கிடுறீங்க?” அதுங்களா, என்றான் நாச்சிமுத்து, இது நம்ம கட்டடத்து வாசலுங்க, நாங்களே பீடிக்கும் டீக்கும் அம்பது தடவை போவோம் வருவோம், திரை பூரா அதுவே நெறைஞ்சுக்கும், அதனால கண்ணுல படாம அமுக்கிட்டேன். ரெஹானா சிரித்தாள். “முதல்ல பிடிக்கிற விதியே வேலைய முடிச்சிடும், கீழே இருக்கற விதிக்கு அந்த வரி போகாது, அப்படித்தானே?” ஆமாங்க, என்றான். அவள் அதையும் குறித்துக்கொண்டு நாலாவதுக்குப் போனாள். ஏசியின் குளிர் கழுத்தில் பட்டது. அவளுடைய கைப்பையில் எங்கோ கொய்யாப்பழம் இருக்கவேண்டும், அந்த வாசனை அறை முழுக்க இருந்தது. சுலோச்சனா கொய்யாவை உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து நாலாகக் கீறிக் கொண்டுவருவாள், இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஏசி எந்திரங்களுக்குப் பக்கத்தில் ஒரு மர பெஞ்சு கிடக்கும், அங்கே உட்கார்ந்துதான் ரெண்டு பேரும் மதியம் சாப்பிடுவார்கள். எந்திரம் போடுகிற இரைச்சலில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்காது. கேட்காவிட்டாலும் அவள் பேசிக்கொண்டே இருப்பாள், அவன் தலையாட்டிக்கொண்டே இருப்பான், அப்புறம் நான் என்ன சொன்னேன் சொல்லுங்க பாப்பம் என்று பிடித்துக்கொள்வாள். அந்த பெஞ்சு இப்போதும் கிடக்கிறது. அவன் அந்தப் பக்கமாகப் போவதில்லை.

அவள் லைப்ரரியில் இருந்தாள், அவன் சர்வர் அறையில். ரெண்டு பேருக்கும் ஒரே கல்லூரியில் வேலை, பிள்ளை குட்டி இல்லை, ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் போனார்கள், ஆனாலும் நடுவில் இருக்கும் நேரத்தில் அவளை எங்காவது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் போல ஒரு பைத்தியம் அவனுக்கு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து வந்த பைத்தியம், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஒருநாள் வேலை இல்லாத பொழுதில் கடைசி விதியாக அதைச் சேர்த்தான்: 4471 என்று வந்தால் மஞ்சள். அவளுக்குப் பிடித்தது கத்தரிப்பூ நிறம்தான். கறுப்பில் கத்தரிப்பூ எடுபடவில்லை, மஞ்சள்தான் பளிச்சென்று நின்றது, அதையே வைத்துக்கொண்டான். சாம்பல் சாம்பலாய் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த நாலு எண்கள் மட்டும் மஞ்சளாய் மிதந்து மேலே போகும். லைப்ரரி, உள்ளே. கேன்டீன், உள்ளே. இப்போது காபி குடிக்கிறாள். இப்போது ரெண்டாவது மாடியில் வேலை பார்க்கும் அந்த அம்மாவோடு பேசிக்கொண்டு நிற்பாள். அவனுக்கு அது பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. ஊழியர் கார்டை அப்படிப் பின்தொடர்வது வேலையே போகக்கூடிய தப்பு, அதனால் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், ஆனால் நிஜக் காரணம் வெட்கம். சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரே ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் அவள் கன்னத்தில் ஒரு இடி இடித்துவிட்டு, ஏனுங்க, உங்களுக்கு வேற சோலியே இல்லீங்களா என்றிருப்பாள், எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

பின்வாசலில் மஞ்சள் விழுந்தது ஒரு ஆடி மாசம். பின்வாசலுக்கு அப்பால் பொள்ளாச்சி ரோட்டுக்குப் போகிற மண்தடமும் வரிசையாக நாலு வீடுகளும்தான், லைப்ரரிக்காரிக்கு அங்கே ஒரு ஜோலியும் கிடையாது. பதினோரு மணி வாக்கில் வெளியே, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே. முதல் நாள் அவன் அதை ஒன்றும் நினைக்கவில்லை. மறுநாளும் விழுந்தது. அந்த வாரம் பூராவும் விழுந்தது. லைப்ரரி வாசலில் அவள் வெளியே வந்த வரி இல்லையே, பின் எப்படிப் பின்வாசலில் இருப்பாள் என்று ஒரு தடவை தோன்றத்தான் செய்தது, உடனே மனசே பதிலும் சொன்னது: புத்தக வண்டி போகிற பக்கவாட்டுக் கதவுக்குக் கார்டு வேண்டாமே, அது வழியாகப் போகிறாள், அதாவது தெரிந்தே, மறைத்தே போகிறாள். சந்தேகம் என்று வந்துவிட்டால் அதற்கு வழி சொல்ல வேறு ஆள் வேண்டியதில்லை. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது, என்னவோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, “இன்னைக்குப் பதினோரு மணி வாக்குல எங்க போயிருந்தே?” என்று கேட்டான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “எங்கியும் போவலீங்களே, புது புஸ்தகம் வந்துச்சு, ஸ்டாம்ப் அடிச்சிட்டு இருந்தனுங்க” என்றாள். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். மனுஷன் பொய் சொல்வான், லாகில் பதிந்த வரி சொல்லாது, அவன் தொழிலில் அது ஒன்றைத்தான் அவன் முழுசாக நம்பியிருந்தான். அந்த நிமிஷத்தில் சட்டியைத் தூக்கி எறிந்து சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சண்டை போட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அதனால் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுக் கைகழுவினான்.

“ஏழாவது விதி, விடுதி வாசல், நீலம்” என்றாள் ரெஹானா. அவன் ம் என்றான். பேசாமல் இருப்பது கஷ்டம் என்று சொல்கிறார்கள், அது சுத்தப் பொய், பழகிவிட்டால் அதைப்போலச் சுலபமான காரியம் உலகத்தில் கிடையாது. மதியம் கீழே வருவதை நிறுத்தினான். வேலை ஜாஸ்தி, நீ லைப்ரரியிலேயே சாப்பிட்டுக்க என்றான், மெஸ் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பின்படியால் இறங்கி மற்ற ஆட்களோடு போய் உட்கார்ந்துகொண்டான், வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்தான், வேண்டுமென்றே கடைசியாக எழுந்தான். திரும்பி வந்து திரையைப் பின்னோக்கி உருட்டிப் பார்ப்பான். லைப்ரரி, வெளியே. அப்புறம் எங்குமே மஞ்சள் இல்லை, கேன்டீனில் இல்லை, எந்த வாசலிலும் இல்லை, சாப்பாட்டு நேரம் முடிகிற சமயத்தில் லைப்ரரி, உள்ளே. இடையில் எங்கே போனாள்? கார்டு இல்லாத ஏதோ ஒரு வழி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அவள் டிபன் பாக்ஸைக் கழுவும்போது எட்டிப் பார்ப்பான், சோறு பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். கேட்டால் வயிறு மந்தமா இருக்குதுங்க என்பாள். வேறெங்கோ, வேறு யாருடனோ சாப்பிட்டு வருகிறவள் வேறு என்ன சொல்வாள் என்று அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான். ஒருநாள் அவள் பூட்டிய கதவில் சாவியை விட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், “ஏனுங்க, எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?” என்றாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல.” “இல்ல, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணியிருந்தா சொல்லிப் போடுங்க. எனக்குத் தெரியலீங்க.” தெரியலையாம் என்று நினைத்தான். சொல்லிப் போடுங்க என்று அவள் மறுபடியும் ஆஸ்பத்திரியில் கேட்டாள், டெங்கு என்று சேர்த்த மூன்றாம் நாள், ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போனபோது, உதடு வெடித்து, கண் சிவந்து. “அப்படி என்னதானுங்க பண்ணினேன்?” பேசாம தூங்கு, என்றான். அவள் தூங்கத்தான் செய்தாள். மயக்கம் வந்து அதிலேயே போய்விட்டாள். சுடுகாட்டில்கூட அவனுக்கு அழுகையோடு சேர்ந்து ஒரு பக்கம் கோபமும் இருந்தது, யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும் என்று. ஆறு வருஷமாக அந்தக் கோபத்தை அவிழ்க்காமல் வைத்திருக்கிறான். அது இருப்பதால்தான் ஏதோ காலம் ஓடுகிறது என்றும் சில சமயம் நினைத்துக்கொள்வான்.

“இது கடைசி. 4471, மஞ்சள். யாரு நம்பர் சார் இது?” டெஸ்ட்டுக்குப் போட்டதுங்க என்றான். சொல்லும்போது குரல் பிசிறவில்லை என்பதில் ஒரு நிம்மதி. ரெஹானா திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். “டெஸ்ட்டுன்னா சரி. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. எண் இங்கே ஆரம்பிக்குதுன்னு முன்னால குறி போட்டிருக்கீங்க, இங்கே முடியுதுன்னு பின்னால போடல. 4471ன்னு ஆரம்பிக்கிற எல்லாத்தையும் இது புடிக்கும். அஞ்சு இலக்க நம்பர் வந்தா முதல் நாலு மட்டும் மஞ்சளாகும், கடைசி எண் உங்க சாம்பல்ல போயிடும், கண்ணுக்கே தெரியாது.” அஞ்சு இலக்க நம்பரே நம்மகிட்ட இல்லீங்களே என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்தினான். இருந்தது. மெஸ்ஸையும் கூட்டிப்பெருக்குவதையும் ஒப்பந்தத்துக்கு விட்டபோது அந்த ஆட்களுக்கெல்லாம் அஞ்சு இலக்கத்தில் கார்டு கொடுத்தார்கள், மெஷினில் அந்த எண்களை ஏற்றியதே அவன்தான், ஒரு முழுநாள் உட்கார்ந்து ஏற்றினான். அது எப்போது? ஆடிக்கு முன்னால். ஆடிக்குக் கொஞ்சம் முன்னால். ரெஹானாவின் போன் அடித்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து யார் கூட்டிக்கொண்டு வருவது என்று என்னவோ தகராறு, ஒரு நிமிஷம் சார் என்று சொல்லிவிட்டு அவள் தாழ்வாரத்துக்குப் போனாள். கதவு தானாக மூடிக்கொண்டது. அவள் எழுந்த நாற்காலி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது, அது நிற்கும்வரை அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்புறம் அந்த வருஷத்துப் பழைய லாகைத் திறந்தான். விதியின் கடைசியில் அந்தச் சின்னக் குறியைப் போட்டு மறுபடியும் ஓடவிட்டான். லைப்ரரியில் மஞ்சள் இருந்தது. கேன்டீனில் இருந்தது. பின்வாசலில் இல்லை. ஒன்றுகூட இல்லை. மாசத்தை மாற்றினான், அதிலும் இல்லை. சாம்பலை எடுத்துவிட்டுப் பின்வாசல் வரிகளை மட்டும் வெள்ளையாகப் பார்த்தான்: 44716, வெளியே. 44716, உள்ளே. மெஸ்ஸில் பாத்திரம் கழுவ வந்த யாரோ, அந்த நாலு வீடுகளில் ஒன்றில் குடியிருந்திருப்பாள், கைப்பிள்ளைக்காரியாகக்கூட இருக்கலாம், பதினோரு மணிக்குப் போய்ப் பசியாற்றிவிட்டு வந்திருப்பாள். அந்த 6 ஒவ்வொரு வரியிலும் இருந்திருக்கிறது, அவன்தான் அதை இருட்டில் வைத்திருந்தான். இவ்வளவு ஆனபிறகும் அந்தப் பாழாய்ப்போன மனசு, சரி, பின்வாசல் அவள் இல்லை, அப்படியானால் மதியம்? மதியம் எங்கே போனாள் என்று கேட்டது. கேட்டதே என்று அவனுக்குத் தன்மீதே அருவருப்பு வந்தது, ஆனால் கேட்டது கேட்டதுதான், பதில் தெரியாமல் அது விடாது. அதை வாயடைக்க வேண்டும் என்றுதான் எல்லா நிறங்களையும் தூக்கினான், சிவப்பு, ஆரஞ்சு, சாம்பல், நீலம், மஞ்சள், ஒன்றும் வேண்டாம். விதியே இல்லாமல், 4471 உள்ள வரிகள் மட்டும் வரட்டும் என்று கேட்டான்.

வெறும் வெள்ளையில் வந்தது. லைப்ரரி, வெளியே. சர்வர் கட்டடம், உள்ளே. சர்வர் கட்டடம், வெளியே. லைப்ரரி, உள்ளே. மறுநாள் லைப்ரரி, வெளியே. சர்வர் கட்டடம், உள்ளே. அவனுக்கு முதலில் புரியவில்லை, ரெண்டு முறை படித்தான். சர்வர் கட்டடத்தைத்தான் சாம்பலாக்கியிருந்தானே, மூணாவது விதி, முதலில் பிடிப்பது அதுதானே, மஞ்சளுக்கு அந்த வரி போய்ச் சேரவே சேராதே. கீழே வந்திருக்கிறாள். லைப்ரரியிலேயே சாப்பிட்டுக்க என்று அவன் சொன்னபிறகும் தினமும் வந்திருக்கிறாள், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறாள், ஒருவேளை இன்றைக்கு வேலை சீக்கிரம் முடிந்து வருவார் என்று. அவன் பின்படியால் இறங்கிப்போய் மெஸ்ஸில் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறான். பார்த்தவர்கள் யாரும் சொல்லவில்லை, புருஷனும் பெண்சாதியும் வழக்கம்போலச் சாப்பிடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆள் வராமல் தனியே சாப்பிட மனசில்லாமல் கொஞ்சம் கொறித்துவிட்டு மூடியிருக்கிறாள், அதுதான் அந்தப் பாதிச் சோறு, வயிறு மந்தமா இருக்குதுங்க. வந்தேன், நீங்க இல்லை என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எப்படிச் சொல்வாள்? கோபமா என்று கேட்டதற்கே ஒண்ணுமில்லை என்றவனிடம் எதைச் சொல்வாள்? “சுலோ” என்று வாய்விட்டுச் சொன்னான். அறையில் மெஷின்கள் இரைந்துகொண்டிருந்தன. தப்பு எம்மேலதான் கண்ணு, உம்மேல ஒண்ணுமில்ல, என்றான், ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு.

கதவைத் திறந்து ரெஹானா தலையை நீட்டினாள். “சார், மஞ்சள் வேணுமா, எடுத்துடலாமா?” அவன் திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், “ஒரு நிமிசமுங்க” என்றான். அவள் என்ன கண்டாளோ, மேலே கேட்காமல் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் தாழ்வாரத்துக்கே போய்விட்டாள். அவன் உருட்டிக்கொண்டே ஐப்பசிக்கு வந்தான், சுலோச்சனா வேலைக்கு வந்த கடைசி நாளுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் காய்ச்சலாட்ட இருக்குதுங்க என்று சொன்னாள், மாத்திரை போட்டுக்க என்றான். அன்றைக்கு மெஸ்ஸில் எலுமிச்சை சாதம், யாருக்கோ பிறந்தநாள் என்று பாயசமும் போட்டார்கள், ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். வழக்கமாக அவள் உள்ளே வந்த வரிக்கும் வெளியே போன வரிக்கும் நடுவே மற்றவர்கள் வந்துபோன வரிகள் கொஞ்சம்தான் இருக்கும். தேடலை எடுத்துவிட்டு எல்லா எண்களையும் வரவிட்டான். சர்வர் கட்டடம், 4471, உள்ளே. அங்கேயிருந்து வெளியே போன வரியைத் தேடி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினான். யார் யாரோ வந்தார்கள், போனார்கள், சாப்பாட்டு நேரம் முடிந்தது, வகுப்புகள் தொடங்கிவிட்டன, அவனே பின்படி ஏறி வந்துவிட்ட வரியும் தாண்டிப் போயிற்று. அவள் வெளியே போன வரி இன்னும் கீழே இருந்தது.